குழி தோண்டிவிட்டு வருகிறேன் என்ற நண்டு

நண்டும் ஆமையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு கடற்கரை மணலில் ராக்கு என்ற குட்டி நண்டும் மூக்காயி என்ற ஆமைக்குஞ்சும் சிநேகிதிகளாக இருந்தார்கள். இருவருமே உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவார்கள். அலையைத் தாண்டி ஆழ்கடலுக்குப் போனால்தான் உடம்பு வளரும் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கரையிலேயே கிடந்தால் கிடந்த அளவுதான்.

ஆசை யாருக்கு அதிகம் என்றால் ராக்குவுக்குத்தான். பவளப்பாறையைப் பார்க்க வேண்டும், தோணி அளவு வளர வேண்டும் என்று பொழுதுக்கும் அதே பேச்சு. ஆனால் அலை ஒன்று சீறி வந்தால் போதும், அம்மணி மேட்டு மணலுக்கு ஓடிவிடுவாள்.

ஒருநாள் காலையில் கடல் வற்றி, அலை தணிந்திருந்தது.

"ஏட்டி ராக்கு, இதை விட்டா நல்ல நேரம் கிடைக்காது. என் முதுகுல ஏறிக்கோ, போயிருவோம்" என்றாள் மூக்காயி.

"வாறேன்ட்டி. ஒரு குழி மட்டும் தோண்டி வச்சுட்டு வந்துருதேன்."

"கடலுக்குப் போறவளுக்குக் கரையில குழி எதுக்கு?"

"ஒருவேளை திரும்பி வர வேண்டியிருந்தா?"

தோண்டினாள். ஆழம் போதவில்லை என்று தோன்றியது, இன்னும் தோண்டினாள். வாசல் சரியில்லை என்று அதையும் இடித்துத் திருத்தினாள். பயத்துக்கு வேலை கொடுத்தால் அது ஓயுமா என்ன! மூக்காயி பாவம், வெயிலில் முதுகு காயக் காத்திருந்தாள். கடல் மறுபடி ஏறத் தொடங்கிய பிறகுதான் ராக்கு வந்து முதுகில் ஏறினாள்.

அலை வந்தது. மூக்காயி தலையைக் கவிழ்த்து அதற்குள் புகுந்தாள்.

"விட்டுராதட்டி ராக்கு, இறுக்கிப் பிடி!"

பிடித்துத்தான் இருந்தாள். தண்ணீர் தலைக்கு மேல் போனதும் குழியின் ஞாபகம் வந்துவிட்டது. இதோ, பக்கத்தில்தானே இருக்கிறது! பிடியை விட்டாள். அலை அவளைக் கரையில் புரட்டிப்போட, விழுந்தடித்து ஓடிக் குழிக்குள் பதுங்கினாள். அந்தக் குழி மட்டும் இல்லாதிருந்தால், போக்கிடம் இல்லாமலாவது பிடித்துக்கொண்டிருப்பாள். என்ன சொல்லி என்ன!

படபடப்பு அடங்கி வெளியே வந்து பார்த்தால் மூக்காயியைக் காணோம்.

"மூக்காயி! இந்தா வந்துட்டேன்ட்டி!" என்று கத்தினாள். கேட்க அங்கே யாரும் இல்லை.

பல வருஷம் கழித்து, ஒரு விடியற்காலையில் மூக்காயி முட்டையிடக் கரையேறினாள். ஓர் ஆள் உட்காரலாம், முதுகு அத்தனை அகலம். காலடியில் நின்ற ராக்குவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

ராக்கு "நான்தான்ட்டி" என்று சொல்ல வாயெடுத்தாள். அன்றைக்கு இருந்த அதே அளவில் நிற்க வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை.

முட்டைகளை மணலால் மூடிக்கொண்டே மூக்காயிதான் பேசினாள். "நண்டு, உன் இனத்துல எனக்கொரு சிநேகிதி இருந்தா. அலைக்குள்ள கை நழுவிப் போயிட்டா. கடல் முழுக்கத் தேடிக்கிட்டே இருக்கேன். ஆசைக்காரி அவ, இந்நேரம் என்னைவிடப் பெருசா வளர்ந்திருப்பா."

சொல்லிவிட்டு அவளைத் தேடக் கடலுக்குள் இறங்கினாள்.

ராக்கு பின்னாலேயே ஓடினாள். நுரை காலைத் தொட்டதும் திரும்பிக் குழிக்கு ஓடிவந்தாள். வாசலில் நின்றபடி, தூரத்தில் போகிற முதுகு மறையும்வரை எக்கி எக்கிப் பார்த்தாள்.

அன்றைக்கு எக்கிப் பார்த்த கண்கள்தான், மணல் நண்டுக்குத் தலைக்கு மேலே அப்படியே நீண்டு நின்றுவிட்டன. அலை திரும்பிப் போனால் அதன் பின்னாலேயே ஓடுவதும், அலை வந்தால் குழிக்குள் ஒளிவதுமாக இன்றைக்கும் அது கரையிலேயே கிடக்கிறது.