சமமாகத் தாண்டிய கால்கள்

வலியை மறைத்தவள் ஒருத்தி. அது தெரிந்தும் சொல்லாதவள் ஒருத்தி. இவர்கள் கதையைச் சொல்கிறேன். முடியும்வரை யார் பக்கமும் சாயாமல் கேளுங்கள், பிறகு உங்களிடம் ஒன்று கேட்பேன்.

உடன்குடிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். அங்கே கபடி அணியில் செல்வகனி என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை. எதிராளி கட்டத்துக்குள் ஏறிப் பாடி, தொட்டுவிட்டுத் திரும்புவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவளுக்கு அடுத்தவள் அவள் கூட்டாளி மெர்லின். கனியால் ஆட முடியாமல் போனால்தான் மெர்லின் இறங்குவாள். இல்லாவிட்டால் ஓரத்தில் உட்கார்ந்து கை தட்டுவாள். பி.டி. டீச்சர் பலகையில் எழுதிப் போட்ட வரிசை அது.

மாவட்டப் போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. ஒருநாள் படி இறங்கும்போது கனியின் இடது கால் முட்டு மடங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்த்தது மெர்லின் மட்டும்தான்.

“ஏட்டி, எத்தன நாளா இப்படி? டீச்சர்ட்ட சொல்லு.”

“சொன்னா உக்கார வச்சிருவாங்க. நீ யாருட்டயும் வாயத் திறக்கப்படாது. உங்க மாதா மேல சத்தியம் பண்ணு.”

“மொத ஆட்டத்துலயே விழுந்துருவ, கனி.”

“விழுந்தா உனக்குத்தானட்டி லாபம்! சத்தியம் பண்ணு.”

மெர்லின் சத்தியம் செய்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ரமீஜா மேடம் வந்தார். விளையாடும் பிள்ளைகளில் யாருக்கு அடிபட வாய்ப்பு அதிகம் என்று முன்கூட்டியே சோதித்துப் பார்க்கிற ஃபிசியோ அவர். கோடு கிழித்து, டேப்பை விரித்துப் போட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் ஒற்றைக்காலில் தாண்டச் சொன்னார். முதலில் வலது, பிறகு இடது. இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் குறைந்த காலைப் பிடித்துப் பார்ப்பார்.

இந்தச் சூட்சுமத்தை விளையாட்டு விடுதியில் இருக்கும் சித்தி மகளிடம் கனி முன்னாலேயே கேட்டு வைத்திருந்தாள். நோகிற காலைக் கூட்ட முடியாது. அதனால் நல்ல காலைக் குறைத்துக்கொண்டாள். வலது நூற்றுப் பதினேழு சென்டிமீட்டர், இடது நூற்றுப் பதினைந்து.

“ரெண்டும் சமமா இருக்கு. நல்லது” என்று எழுதிக்கொண்டார் மேடம். கனிக்கு அப்பாடா என்று இருந்தது.

அடுத்து மெர்லின். வலது காலில் நூற்று நாற்பது. தாண்டிவிட்டுத் திரும்பும்போதே இடுப்பில் கை வைத்துக்கொண்டு சத்தமாகக் கேட்டாள்:

“என்ன கனி, காலைல கஞ்சி குடிக்கலயா? ஏறிப் பாடுறவளால நான் தாண்டுன தூரத்தத் தொடக்கூட முடியல!”

பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். கனிக்கு முகம் சிவந்தது.

“இன்னொரு தடவ வலது காலால தாண்டு பாப்போம். எடதெல்லாம் வேண்டாம், வலது போதும்.”

கனி எதைப் பொறுத்தாலும் தோற்றவள் என்ற பேச்சைப் பொறுக்க மாட்டாள். கோட்டில் போய் நின்றாள், ஒரே தாண்டு. நூற்று ஐம்பத்திரண்டு!

சிரிப்பு அடங்கிவிட்டது. ரமீஜா மேடம் டேப்பைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

“இவ்வளவு தூரம் தாண்டுற காலு முதல்ல ஏன் கொறச்சுத் தாண்டிச்சு? இங்க வாம்மா, உக்காரு.”

இடது முட்டை அழுத்தியதும் கனி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள்.

“நல்லவேளை, உள்ள எதுவும் கிழியல” என்றார் மேடம். “ரெண்டு மாசம் ஆடாம, நான் சொல்ற பயிற்சியச் செய். பழையபடி ஆடலாம். இதோட போட்டிக்குப் போயிருந்தா என்ன ஆயிருக்குமோ!”

கனியின் அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் பலகையில் கனியின் பெயரை அழித்து மெர்லின் பெயரை எழுதிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கனி வெடித்தாள்.

“அவ வேணும்னே சீண்டினாம்மா! என் எடத்துக்கு ஆசப்பட்டுத்தான் செஞ்சா.”

“போடி, கூறுகெட்டவளே” என்றாள் அம்மா. “உன் முட்டுக்காகச் செஞ்சிருக்கா அந்தப் பிள்ள.”

பிள்ளைகள் மெர்லினிடம் கேட்டதற்கு, “நான் ஒரு வார்த்த சொல்லலயே” என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மகள் சொன்னதும் அம்மா சொன்னதும் இரண்டும் மெய்யாக இருக்க முடியாது. இதில் யார் சொன்னது சரி? எதை வைத்துச் சொல்வீர்கள்?

விடை: அம்மா சொன்னதுதான் சரி. இடம்தான் வேண்டும் என்றால் மெர்லின் ஒன்றுமே செய்திருக்க வேண்டாம். முதல் ஆட்டத்தில் கனி விழுந்திருப்பாள், இடம் தானாக வந்திருக்கும், பழியும் வந்திருக்காது. இன்னொன்று, இடது காலைத் தாண்ட விடாமல் நல்ல காலை மட்டுமே சீண்டினாள். இடத்துக்கு ஆசைப்பட்டவள் நோகிற காலைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும்? சத்தியத்தை அவள் கொஞ்சம் வளைத்தது உண்மைதான். அதை மாதா பார்த்துக்கொள்வார். இதையெல்லாம் யோசித்துத் தெளிய கனிக்கு மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் மெர்லின் வீட்டு வாசலில் போய் நின்றாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “ஏட்டி, மொத ஆட்டத்துல நம்ம கூட ஆடுற அணியில எடது மூலைல ஒரு நெட்டச்சி நிப்பா. கணுக்காலத்தான் பிடிப்பா, பாத்து ஏறு” என்றாள்.