சுவரைப் பார்த்துக் கட்டுவது

“நாளையில இருந்து வரமாட்டேன், மாஸ்டர்.”

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு சவரிமுத்து இதைச் சொன்னார்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வயது ஐம்பத்திரண்டு. போன வருஷம் வந்த பக்கவாதம் இடது கையை மடக்கிப் போட்டுவிட்டது. கராத்தே சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

மாஸ்டர் ஜெபமலருக்கு அவருடைய மகள் வயதிருக்கும். ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“ஏன், அண்ணாச்சி?”

“உங்க முறையெல்லாம் எனக்குச் சரிப்பட்டு வரல.”

“எந்த முறை? வாசல்ல குனிஞ்சு வணங்குறதா?”

“அது என்ன, கோயில்ல செய்யாததா?”

“செருப்ப வெளியப் பாத்து வைக்கிறதா?”

“அதுவும் நல்லதுதான். போகும்போது சுளுவா மாட்டிக்கலாம்.”

“பின்ன?”

சவரிமுத்து தன் வெள்ளை பெல்ட்டைத் தொட்டுக் காட்டினார்.

பயிற்சியின் நடுவே பெல்ட் அவிழ்ந்தால் வரிசையைவிட்டு விலக வேண்டும். சுவரைப் பார்த்து முழங்காலிட்டு, கட்டி முடித்து, ‘ஓஸ்’ என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவது இது.

மற்றவர்களுக்கு அரை நிமிஷ வேலை; அதற்காகப் பயிற்சி நிற்பதில்லை. சவரிமுத்துவுக்கு ஐந்து நிமிஷம். ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு நுனியோடு வலது கையால் மல்லுக்கட்ட வேண்டும். அவசரத்தில் போட்ட முடிச்சு நிற்குமா? பாழாய்ப்போன பெல்ட் தினமும் அவிழ்ந்தது.

“நான் கட்டுறப்ப ஒரு சத்தமும் இருக்காது, மாஸ்டர். அத்தன பேரும் பயிற்சிய நிறுத்திட்டு என் முதுகையே பாத்துட்டு நிக்காங்க. நான் ‘ஓஸ்’னு சொன்னதும் சரசரன்னு ஒரு சத்தம். சிரிப்ப அடக்கிட்டு நேரா நிக்காங்க போல.”

“யாராவது சிரிச்சதப் பாத்தீங்களா?”

“எனக்கு முதுகுலயா கண்ணு இருக்கு?”

மாஸ்டர் துணியைப் பிழிந்தார்.

“நான் கட்டிவிடட்டுமா?”

“வேண்டாம்.” சவரிமுத்து பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். “வீட்டுல சட்டைப் பித்தான் போட்டுவிடுறதும் என் பொண்டாட்டிதான். வேட்டி கட்டிவிடுறதும் அவதான். இது ஒண்ணயாவது நானே கட்டணும்னுதான் இங்க வந்தேன்.”

மாஸ்டர் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“நாளைக்கு ஒரு நாள் வாங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம். ஆனா கட்டி முடிக்கும் முன்ன திரும்பக்கூடாது. அது முறை.”

சொன்னதற்கு இது பதிலா என்று சவரிமுத்துவுக்கு எரிச்சல் வந்தது.

“வாரேன். நாளைக்கு மட்டும்.”

மறுநாள் மாலை. மூன்றாவது உதையிலேயே பெல்ட் அவிழ்ந்து காலடியில் விழுந்தது.

சவரிமுத்து எடுத்துக்கொண்டுபோய்ச் சுவரைப் பார்த்து முழங்காலிட்டார். நுனியைக் கடித்தார்.

பின்னால் அதே அமைதி.

இன்றைக்கு விட்டால் இனி இங்கே வரப்போவதில்லை. பிறகென்ன முறை? சிரிக்கிறவர்களைக் கையும் களவுமாகப் பிடித்து நாலு கேள்வி கேட்டுவிட்டே போகலாம்.

பெல்ட்டைப் பல்லில் கடித்தபடியே திரும்பினார்.

ஒரு முகம்கூடத் தெரியவில்லை. எல்லாம் முதுகுகள்.

இருபது பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்கள். கறுப்பு பெல்ட்காரர்களும்தான். மாஸ்டரும்தான். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காத ஆறு வயது ரெஜினா, திரும்பி நின்றது போதாதென்று இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்தியிருந்தாள்.

தினமும் கேட்ட அந்தச் சரசரப்பு, இவர்கள் அவர் பக்கமாகத் திரும்புகிற சத்தம்.

சவரிமுத்து ஓசைப்படாமல் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கியதில் சுவர்கூடச் சரியாகத் தெரியவில்லை.

எப்படியோ பெல்ட்டைக் கட்டினார். ஒரு நுனி நீளமாகவும் மற்றது குட்டையாகவும் தொங்கியது. மற்ற நாட்களில் அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

இன்று அவிழ்த்தார். முதலிலிருந்து கட்டத் தொடங்கினார்.

பின்னாலிருந்து ரெஜினாவின் குசுகுசுப்புக் கேட்டது.

“மாஸ்டர், இன்னைக்கு ரொம்ப நேரமாவுதே?”

“ஆவட்டும்.”