தொண்டைக்கு விருந்து வந்த இருமல்

முதல்ல கையைக் கூப்பிக்கோ, தங்கம். கண்ணை மூடிக்கிட்டே கூப்பலாம், தப்பில்ல.

ஆனைமுகத்தானே, மோதகக் கையனே, எடுத்த வார்த்தை தடுக்கி விழாம நீயே முன்னால நடந்து வழி காட்டணும். தீராத பிணியெல்லாம் தீர்க்கிற வைத்தியநாதா, பக்கத்துலயே தைலக் கிண்ணத்தோட நிக்கிற தையல்நாயகியே, சொல்ற வாய்க்கும் கேக்குற காதுக்கும் நடுவுல நீங்க ரெண்டு பேரும் வந்து உக்காந்துக்கணும்.

கும்பிட்டாச்சா? சரி. இனிமே நான் சொல்லச் சொல்ல நீ ‘ம்’ கொட்டணும்.

ஒரு ஊர்ல ஒரு இருமல் இருந்துச்சு.

யாருக்கு இருந்துச்சுன்னுதானே கேக்கப் போற? யாருக்கும் இல்ல. அது தனியாத்தான் இருந்துச்சு. ஒண்டிக்க ஒரு தொண்டை இல்லாம, மார்கழிப் பனியில தெருத்தெருவா ‘லொக்கு லொக்கு’ன்னு அலைஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

“ம்.”

முதல்ல கோயில் மணிக்குள்ள போய்ப் படுத்துச்சு. விடியக்காலம் ‘டாண்’னு ஒரு அடி! காது ரெண்டும் அடைச்சுப்போய் ஓடியாந்துடுச்சு. அப்புறம் ஒரு தவளையோட தொண்டையில போய் உக்காந்துச்சு. தவளை ‘கொர்ர் கொர்ர்’னு கத்தின கத்துல உள்ள ஒரு இருமல் இருக்கிறதே யாருக்கும் தெரியல. மதிப்பில்லாத இடத்துல நமக்கென்ன வேலைன்னு அங்கேயிருந்தும் கிளம்பிடுச்சு. அப்புறம் நாயனக்காரரோட நாயனத்துக்குள்ள புகுந்துச்சு. அவர் ‘பீப்பீ’ன்னு ஊதினதும் மறுமுனை வழியா வந்து ‘பொத்’துன்னு மண்ணுல விழுந்துச்சு. பாவம், அழுகையே வந்துடுச்சு அதுக்கு.

அப்போ அது வந்து நின்ன இடம் மாசிலாமணி ஓதுவார் வீட்டு வாசல்.

அந்த ஊருக்குப் பேர் தும்பைநல்லூர். அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. யாரும் கதவைத் தட்ட மாட்டாங்க. வாசப்படியில நின்னு ‘க்கும்’னு ஒரு கனைப்பு, அவ்வளவுதான். உள்ள இருக்கிறவங்க எட்டிப் பாக்காமலே, “வாங்க வாங்க, உள்ள வாங்க”ன்னு சொல்லிடணும். வந்தது யாருன்னு பாத்துட்டு அப்புறமாக் கூப்பிடுறதை அங்க பெரிய பாவமா நினைப்பாங்க. வந்தவர் எந்த அடியாரோ, எந்த வேஷத்துல வந்த சாமியோ, யார் கண்டா? அதனால ஒரு தடவை கூப்பிட்டாச்சுன்னா அவங்க விருந்தாளி. அவங்களாக் கிளம்புற வரைக்கும் ‘போ’ங்கிற சொல்லு நாக்குல வரக்கூடாது. எதைக் கொண்டுவந்தாலும் முதல்ல விருந்தாளிக்கு, மிச்சம் இருந்தா வீட்டுக்காரங்களுக்கு.

இருமல் வாசப்படியில நின்னுச்சு. வேற என்ன செய்யத் தெரியும் அதுக்கு? ‘லொக்’னுச்சு.

அடுக்களையில மாவாட்டிக்கிட்டு இருந்தா ஓதுவாரோட சம்சாரம் வடிவம்மை. கையை எடுக்காமலே, “வாங்க வாங்க, உள்ள வந்து உக்காருங்க, அவங்க கூடத்துலதான் இருக்காங்க”ன்னா.

இருமலுக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. பிறந்ததுலேருந்து அதை யாருமே ‘வாங்க’ன்னு சொன்னதில்ல. ‘சனியன்’னு சொல்லியிருக்காங்க. ‘தொலையமாட்டேங்குதே’ன்னு சொல்லியிருக்காங்க. கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் கூடத்துக்குப் போச்சு. “யாரு வந்திருக்கிறது?”ன்னு கேக்க ஓதுவார் வாயைத் திறந்தார். ‘சர்ர்’னு உள்ள போய்த் தொண்டையில சம்மணம் போட்டு உக்காந்துடுச்சு.

“ஏங்க, வந்தது யாருங்க?”ன்னா வடிவம்மை.

“தெரியல… லொக்… உள்ளதான் வந்திருக்காங்க… லொக்கு லொக்கு.”

“எங்க உக்காந்திருக்காங்க?”

அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

“அடி ஆத்தி! நான்தானே கூப்பிட்டேன்!”ன்னு வடிவம்மை மாவுக் கையைக் கன்னத்துல வச்சுக்கிட்டா.

தூங்கிட்டியா?

“ம்ம்… இல்ல.”

இதுல என்ன பெரிய கஷ்டம்னு நினைக்காதே, தங்கம். மாசிலாமணி ஓதுவார் யாரு? தினம் விடியக்காலம் சந்நிதிக் கதவுக்கு முன்னால நின்னு, பதிகம் பாடிச் சாமியைத் துயிலெழுப்புறவர். நெய்யில ஊறின திரி எரியுற மாதிரி ஒரு குரல், அலட்டலே இல்லாம வெளிச்சமா இருக்கும். அந்த ஊர்ச் சாமிக்குப் பேர் துயிலுகந்தநாதர். பேருக்கேத்த தூக்கம் அவருக்கு. ஓதுவார் குரலுக்கு மட்டும்தான் கண் திறப்பார். சாமி எழுந்தாத்தான் கதவு திறக்கும், கதவு திறந்தாத்தான் நைவேத்யம், நைவேத்யம் ஆனாத்தான் ஊர்ல யாரும் வாயில எதையும் போடுவாங்க. அதுலயும் திருவாதிரை நெருங்கிட்டுது. களி கிண்டிச் சாமிக்குப் படைக்கணும், தேர்ல ஏத்தி ஊர்வலம் விடணும்.

மறுநாள் ஓதுவார் போய் நின்னு பாட வாயைத் திறந்தார். ‘லொக்கு லொக்கு லொக்கு’ன்னு வந்துச்சு.

உள்ளேயிருந்து சாமி குரல் மட்டும் வந்துச்சு. “யாரது, வாசல்ல கனைக்கிறது?”

“அடியேன்தான் சுவாமி… லொக்… தொண்டையில விருந்தாளி.”

“விருந்தாளியா? பேஷ். நல்லாக் கவனிச்சு அனுப்பிட்டு வா. அதுவரைக்கும் நான் இன்னொரு தூக்கம் போடுறேன்.”

அப்புறம் ‘கொர்ர்’னு சத்தம். குருக்கள் பாடிப் பாத்தார். சாமி போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கிட்டார். மேளக்காரர் அடிச்சுப் பாத்தார். நந்தி மட்டும் முழிச்சு, “கொஞ்சம் மெதுவா அடிக்கப்படாதா?”ன்னு கேட்டுட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு.

கதவு திறக்கல. ஊரே பட்டினி. அப்போ, பசிச்ச ஊரு என்ன செய்யும்? ஆளுக்கொரு மருந்தோட ஓதுவார் வீட்டுக்கு ஓடியாந்துச்சு.

முதல்ல வந்தது உண்ணாமுலை அத்தை. ஊர்ல யாருக்கு மூக்கு ஒழுகினாலும் அத்தை இடுப்புல சேலையைச் செருகிடுவா. சுக்கு, மிளகு, சித்தரத்தை எல்லாத்தையும் ‘டங்கு டங்கு’ன்னு தட்டி, துளசியைக் கிள்ளிப் போட்டு, பனங்கற்கண்டோட ‘தளபுள’ன்னு கொதிக்க விட்டு இறக்கிக் கொண்டாந்தா.

“வாயைத் திற மாசிலாமணி. ஒரே மடக்கு!”

வடிவம்மை கையைப் பிடிச்சா. “அத்தை, விருந்தாளிக்கு முதல்ல ஊத்தணுமே.”

“அதுவும் சரிதான்”னா அத்தை. வழக்கம்னா வழக்கம்தானே? “விருந்தாளி, எடுத்துக்கோங்க”ன்னு மரியாதையா ஊத்தினா. இருமல் ‘மடக் மடக்’னு குடிச்சுது.

“ஆஹா! காரம் சுள்ளுன்னு இருக்கு தாயே. இன்னொரு டம்ளர் உண்டா?”

கேட்டா இல்லைன்னு சொல்லலாமா? பாத்திரமே காலி. ஓதுவாருக்கு அடியில கிடந்த மிளகு மட்டும்தான் மிச்சம்.

“ம்.”

அப்புறம் வந்தான் மடைப்பள்ளித் தாண்டவராயன். சாமிக்குப் பொங்கல் வைக்கிறவன், எதையும் சின்னதாச் செய்யத் தெரியாதவன். திருவிழா அண்டாவைத் தெருவுல வச்சு, நொச்சி இலையை வண்டி வண்டியாக் கொட்டி, மஞ்சள் போட்டுக் கொதிக்க வச்சான். போர்த்திக்கப் போர்வை பத்தாதுன்னு தேர்ச்சீலையையே எடுத்தாந்தான். ஓதுவாரை உள்ள உக்கார வச்சு மூடியைத் திறந்தா, ‘புஸ்ஸ்ஸ்’! ஆவி கோபுரத்துக்கு மேல போச்சு. ஊர்ல உள்ள காக்காய்க்கெல்லாம் மூக்கடைப்பு விட்டு, ‘கா’ன்னு கத்துறதை அதுங்க சுருதி சுத்தமாக் கத்துச்சுங்க.

“விருந்தாளி முதல்ல ஆவி பிடிக்கட்டும்”னான் தாண்டவராயன்.

“வெந்நீர்க் குளியல் மாதிரி இருக்கேப்பா!”ன்னுச்சு இருமல். “முதுகு தேய்க்க ஆள் இருக்கா?”

அது பிடிச்சு முடிக்கிறதுக்குள்ள அண்டா ஆறிப்போச்சு.

அப்புறம் வந்தார் பூக்கட்டுற குஞ்சிதபாதம். அவர் வீட்டுல வச்ச கண்டந்திப்பிலி ரசம், வாசம் மூணு தெருவுக்கு அடிக்கும். சுடுசோறு, மேல ஒரு கரண்டி நெய், தொட்டுக்கச் சுட்ட அப்பளம். ஊரே பட்டினியா நின்னு வேடிக்கை பாக்குது, இருமல் மட்டும் ‘சர் சர்’னு உறிஞ்சுக்கிட்டே சொல்லுச்சு, “இப்படி ஒரு ஊரு இருக்குன்னு தெரியாமப் போச்சே! நான் மட்டும் சுகப்பட்டா நல்லாருக்குமா? என் தம்பி சளிக்கும் மச்சான் தும்மலுக்கும் சொல்லி விட்டிருக்கேன்.”

சொல்லி வாய் மூடல, வாசல்ல ‘ஹச்ச்’னு ஒரு கனைப்பு.

“வாங்க வாங்க”ன்னு சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டா வடிவம்மை.

சளி ஒரு மூக்குத் துவாரத்துல குடி வந்துச்சு, தும்மல் இன்னொண்ணுல. ஓதுவார் மூச்சு விடறதுக்கே அவங்ககிட்ட அனுமதி கேக்க வேண்டியதாப் போச்சு. “வடிவு… லொக்… சாமி தூங்கிக்கிட்டே இருந்துடுவாரோ… ஹச்ச்… என்னாலயா?”ன்னார். அவர் கண்ணுல தண்ணி நின்னுச்சு. அது ஜலதோஷத் தண்ணி இல்ல, தங்கம்.

“அப்புறம்?”

அப்புறம், விடிஞ்சாத் திருவாதிரைங்கிற அன்னிக்கு மத்தியானம், வடிவம்மை முகத்தைக் கழுவி, நெத்தி நிறையத் திருநீறு பூசிக்கிட்டு, ஓதுவாருக்கு முன்னால வந்து உக்காந்தா.

“ஐயா விருந்தாளி, ஒரு வார்த்தை.”

“சொல்லு தாயே. ராத்திரிக்கு என்ன பலகாரம்?”

“நீங்க எங்க வீட்டுக்கு வந்து எவ்வளவோ நாள் ஆச்சு. இன்னமும் உங்களை வேத்து மனுஷராட்டம் விருந்தாளி விருந்தாளின்னு சொன்னா, எங்களுக்குத்தான் வெக்கம். இன்னையிலேருந்து நீங்க இந்த வீட்டுப் பிள்ளை.”

இருமலுக்குப் பெருமை தாங்கல. “லொக்! பிள்ளையா! நானா!”

“ஆமாம்ப்பா. இனிமே ‘நீ’ன்னுதான் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்கம்மா, கூப்பிடுங்க.”

“பிள்ளைக்கு முதல்ல பரிமாற மாட்டோம். மிச்சம் இருந்தாத்தான் உனக்கு. விடியிறதுக்கு முன்னால எழுந்து குளத்துல முங்கணும், பச்சைத் தண்ணி.”

மூக்குக்குள்ள சளியும் தும்மலும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. “அண்ணே!” “அத்தான்! எங்களுக்கு ஊர்ல அவசரமா ஒரு காரியம்…”ன்னு சொல்லிக்கிட்டே ‘புர்ர்’னு ரெண்டு பக்கமும் வெளியே பறந்துட்டாங்க.

“அப்புறம், இது ஓதுவார் வீடு. இந்தத் தொண்டையில இருக்கிற பிள்ளை நாளைக்குப் பாடிச் சாமியை எழுப்பணும்.”

“நானா? எனக்கு லொக்கு மட்டும்தானேம்மா வரும்?”

“அதை அடக்கிக்கிட்டுப் பாடணும்.”

“லொக்கை அடக்கிட்டா அப்புறம் நான் யாரு?”

“அதைச் சாமிகிட்டக் கேட்டுக்கோ. இப்ப அப்பாவுக்கு வழி விடு.”

அப்போதான், அத்தனை நாளுக்கு அப்புறம், உண்ணாமுலை அத்தை மறுபடி வச்ச கஷாயம் ஓதுவார் தொண்டையில இறங்குச்சு. இளஞ்சூடா, கொஞ்சம் கொஞ்சமா. ஆவியும் அவரே பிடிச்சார், ரசஞ்சோறும் அவரே சாப்பிட்டார். சாமிக்குப் படைக்காம எப்படின்னு கேக்காதே, மருந்தா உள்ள போறதுக்கு அம்பாள் கண்ணை மூடிக்குவா. கழுத்துல துணியைச் சுத்திக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாமப் படுத்து நல்லாத் தூங்கினார். மிச்சம் எதுவும் இல்லாததால, புதுப்பிள்ளை பசியோட ஒரு ஓரமாச் சுருண்டுக்கிச்சு.

விடியக்காலம். சந்நிதி வாசல்ல ஊரே நிக்குது. ஓதுவார் கண்ணை மூடி, கையைக் கூப்பி, பாட ஆரம்பிச்சார்.

உள்ள இருமல் ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிச்சு. ஒரு அடி போச்சு. லொக்குன்னு முட்டிக்கிட்டு வந்துச்சு, அடக்கிக்கிச்சு. ரெண்டாவது அடி. கன்னம் ரெண்டும் உப்புது, கண்ணு பிதுங்குது, இன்னும் அடக்கிக்கிச்சு. வீட்டுப் பிள்ளையாச்சே, விட்டுக் கொடுக்கலாமா? பாட்டு அப்படியே மேல ஏறி, கதவுல பட்டு, இடுக்கு வழியா உள்ள போச்சு.

‘கிர்ர்ர்’. கதவு திறந்துச்சு.

துயிலுகந்தநாதர் எழுந்து உக்காந்திருந்தார். ஊர் ஜனமெல்லாம் “சிவ சிவா”ன்னு தரையில விழுந்துது. சாமி முதல்ல கேட்ட கேள்வி என்ன தெரியுமா? “உள்ள ஒருத்தன் மூச்சை அடக்கிக்கிட்டு இருக்கானே, அவன் யாரு?”

“புதுசா வந்த பிள்ளை, சுவாமி”ன்னா வடிவம்மை.

சாமி சிரிச்சார். “என் தொண்டையிலயும் ஒருத்தர் இருக்கார். பாற்கடலைக் கடைஞ்சப்ப வந்தவர். வெளியிலயும் போகல, உள்ளயும் இறங்கல. கருகருன்னு தனியா உக்காந்திருக்கார், பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல. உன் பிள்ளையை இங்க அனுப்புறியா?”

இருமல் மெதுவா எட்டிப் பாத்துச்சு. “நிஜமாவே வரலாமா?”

“வாங்க வாங்க”ன்னார் சாமி.

ஒரே தாவு!

அப்புறம் என்ன, சுடச்சுடக் களி வந்துச்சு, ஏழுகாய்க் கூட்டோட ஊரே உக்காந்து சாப்பிட்டுச்சு, ஓதுவார் தேருக்கு முன்னால பாடிக்கிட்டே போனார். உண்ணாமுலை அத்தை களியைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எழுந்திருக்க முடியாம, தூணைப் பிடிச்சுக்கிட்டே சாமியைச் சேவிச்சா.

மறுநாள் விடியக்காலம் ஓதுவார் போனப்ப, கர்ப்பகிருகத்துக்குள்ளேருந்து ஒரு சத்தம்.

‘லொக்கு.’

கூடவே அந்தக் கோயில் அம்பாள் குளிர்மொழியம்மையோட குரல். “எத்தனை தடவை சொல்றது? இருக்கிற வீடு பனிமலை, கட்டியிருக்கிறது ஒரு தோல், தலையில கங்கை. மார்கழி மாசத்துல ஈரச்சடையைத் துவட்டாமப் படுத்தா வேற என்ன ஆகும்? வாயைத் திறங்க!”

உள்ள ‘மடக் மடக்’னு சத்தம் கேட்டுச்சு. சுக்கு வாசம் வாசல் வரைக்கும் வந்துச்சு.

“…ம்.”

அந்தக் கஷாயத்தை ஆறவச்சுக் கொடுத்த அம்மையும், முகஞ்சுளிக்காமக் குடிச்ச அப்பனும், இதைக் கேட்ட உன் நெஞ்சுலயும், யார் யார் கேக்குறாங்களோ அவங்க நெஞ்சுலயும் இருந்து காக்கணும். மூச்சு தங்கு தடையில்லாம ஓடணும். குரல் குறைவில்லாம வளரணும். நோய் நொடி அண்டாம, நூறு மார்கழி பாக்கணும்.

கதை கால் நீட்டிப் படுத்துடுச்சு, தங்கம். போர்வையைக் கழுத்துவரைக்கும் இழுத்துக்கிட்டு நீயும் தூங்கு.