தன் பட்டியலைத் தானே படித்த மென்பொருள்

எந்த மென்பொருளும் வெளியார் எழுதிய எந்தெந்த நிரல்களை இரவல் வாங்கியிருக்கிறது என்று, அதன் பட்டியல் கோப்பைப் படித்துச் சொல்லிவிடும் சேஷகிரியின் மென்பொருள். "இதுல வெளியாள் எழுதினது ஒரு வரி கிடையாது," என்று வாடிக்கையாளர்கள் முன் மார்தட்டினார். அதைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் மரகதவல்லி சிரித்துவிட்டாள்.

"ரெண்டு லட்சம் வரி இருக்கு. டீ வர்றதுக்குள்ள வெளியாள் எழுதினது ஒண்ணைக் காட்டும்மா பார்ப்போம்," என்றார் சேஷகிரி.

அவள் ஒரு வரியையும் தேடவில்லை. அந்த மென்பொருளின் பட்டியலை அதனிடமே கொடுத்தாள். திரையில், வெளியிலிருந்து எடுத்த ஒரு நிரல் நூலகத்தின் பெயர் வந்தது. பக்கத்திலேயே சேஷகிரி என்றோ எழுதிவைத்த குறிப்பு: 'பட்டியலைப் படிப்பதே இதுதான். எப்படியென்று புரியவில்லை. யாரும் கை வைக்காதீர்கள்.'

சேஷகிரிக்குக் காதெல்லாம் சுட்டது. "யாரோ எழுதி, எல்லாரும் எடுத்துக்கலாம்னு பொதுவில போட்டது..." என்று தலை நிமிராமல் முனகினார்.

"நான்தான் சார் போட்டேன். எந்த இடம் புரியலைன்னு சொல்லுங்க."