இரண்டு மடங்கு விலை

காந்திபுரத்தில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துவந்தார் ரெஜினா. அவருக்கு ஒரே ஒரு சீடர், பொன்னுரங்கம். வேலை பார்த்த மில்லை மூடியபின் தொழில் கற்க வந்தவர். குருவைவிட இருபது வயது மூத்தவர்; ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

பொன்னுரங்கம் மகன் தினகரனுக்குத் தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்திருந்தார். எல்லாம் புதுச் சாமான். மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி மட்டும் பழையது. அதை மாட்ட வேண்டாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஓடுகிற பொருளை எதற்குத் தூக்கிப்போடுவது என்று இவர் மாட்டிவிட்டார்.

ஆறாம் மாதம் அந்தப் பெட்டி புகைந்தது. ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துச் சுட்டுவிட்டது. தினகரன் அம்மாவின் குரலை அதில்தான் வைத்திருந்தான். சாவதற்கு முன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அவள் மகனிடம் பேசிய பேச்சு. வேறெங்கும் அது இல்லை.

கரண்ட் ஏறி இறங்கியதில் போய்விட்டது என்றார் பொன்னுரங்கம். மறுமாதம் மகன் ஒரு பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டரை வாங்கித் தன் அறையில் வைத்தான். எட்டு மாதமாக ஒரே வீட்டில் பேச்சில்லை. சோறு போட்டு வைத்தால் தின்கிறான், தட்டைக் கழுவி வைக்கிறான், கதவைச் சாத்திக்கொள்கிறான். அப்பன் கையால் செய்தது மட்டமாகப் போய்விட்டதா என்று இவருக்கு உள்ளே புகைந்துகொண்டே இருந்தது.

அன்று அதே கம்பெனிக் கம்ப்யூட்டர் ஒன்று செத்துப்போய் மேஜைக்கு வந்தது. பொன்னுரங்கத்துக்கு வயிறு குளிர்ந்தது. ஸ்குரூக்களை அவரே கழற்றி உள்ளே பார்த்தார்.

"நாம மாட்டுற அதே சாமான் டீச்சர். பேருக்கு ரெண்டு மடங்கு பிடுங்குறான். இதுவும் சாகத்தானே செய்யுது? என் பையன்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

ரெஜினா கையைத் துடைத்துக்கொண்டார்.

"இதைக் கொண்டுவந்தவர் இங்க நின்னு கம்பெனிக்குப் போன் போட்டாரே, கேட்டீங்களாண்ணா?"

"கேட்டேன். காது கூசுற மாதிரி அரைமணி நேரம் திட்டினார். ஸ்பீக்கர்ல அந்தப் பக்கத்துப் பொண்ணு மன்னிச்சுக்குங்க சார், மன்னிச்சுக்குங்க சார்னு சொல்லிட்டே இருந்தா."

"அப்புறம்?"

"அடங்கிட்டார். நம்மகிட்ட சிரிச்சுப் பேசிட்டுப் போனார்."

"ரெண்டு மடங்குல ஒரு மடங்கு அந்த மன்னிப்பு வார்த்தைக்குத்தாங்ண்ணா. உங்க பையன்கிட்ட அந்த வார்த்தையை யார் சொன்னாங்க?"