படம் பத்திரமாக வந்து சேர்ந்தது

“ஒரே ஒரு வார்த்தைதான் டீச்சர் விட்டுப்போச்சு,” என்றான் அருமைநாயகம். “ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?”

செண்பகவல்லி டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“யாருக்குத் தண்டனை?” என்று கேட்டாள்.



*

உப்பளத்துக்குப் போகும் சாலையில், ஓடாமல் நின்றுபோன ஐஸ் கம்பெனிக் கட்டடத்தில் அவள் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தாள்.

நாற்காலி கிடையாது, பாய்தான். சான்றிதழ் கிடையாது. கேள்வி கேட்டால் பெரும்பாலும் பதிலும் கிடையாது. ஊர்க்காரர்கள் அந்த இடத்தை மடம் என்று சொன்னார்கள். பாதி மரியாதை, பாதி நக்கல்.

அருமைநாயகத்துக்கு நாற்பத்தேழு வயது. டீச்சருக்கு முப்பத்து மூன்று.

அவன் சிங்கப்பூரில் இருபத்திரண்டு வருஷம் வங்கிகளுக்கு நிரல் எழுதியவன். “அங்க பெரிய சுவத்துல ஏதோ ஒரு செங்கல்லை நான் வச்சிக்கிட்டிருந்தேன். ஒரு வீட்டை முழுசாக் கட்டத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுங்க,” என்று கேட்டுச் சேர்ந்தான்.

“முழங்கால் தாங்குமா அண்ணாச்சி?” என்று மட்டும் அன்று டீச்சர் கேட்டாள்.

அவன் முழுசாகக் கட்டிய முதல் இணையப் பக்கம், அந்த வார்த்தை விட்டுப்போன பக்கம்தான்.

*

புயலில் மூன்று படகுகள் திரும்பவில்லை. இருபத்து மூன்று பேர்.

தேடுகிறவர்களுக்கு அனுப்ப ஒவ்வொருவருடைய படமும் வேண்டும் என்று மீன்துறை அலுவலகத்தில் கேட்டார்கள். அருமைநாயகம் ஒரே நாளில் ஒரு பக்கத்தைச் செய்து கொடுத்தான். வீட்டில் உள்ளவர்கள் அதைப் போனில் திறந்து, படத்தைத் தேர்ந்தெடுத்து, பட்டனை அழுத்த வேண்டும். படம் மடத்துக் கணினியான சர்வருக்குப் போய்விடும்.

இருபத்து மூன்று வீட்டிலும் அழுத்தினார்கள்.

பிறகு தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

படம் அனுப்பி முப்பத்து நான்கு நாள் கழித்து, இன்று காலையில், பனிமயம் என்கிற பெண் மடத்துக்கு வந்தாள். அவள் புருஷன் தொம்மை இரண்டாவது படகில் போனவன். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மாதா கோயிலில் நினைவுப் பூசை. ஃபிரேம் போட வேண்டும், அன்றைக்கு அனுப்பிய படத்தை எடுத்துத் தாருங்கள் என்றாள்.

அருமைநாயகம் சர்வரைத் திறந்தான்.

படங்கள் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பட்டியலில் மட்டும் இருபத்து மூன்று வரிகள். அத்தனையும் படங்களின் பெயர்கள்.

*

“படத்தையும் சேத்து அனுப்புன்னு ஃபார்ம்ல ஒரு வார்த்தை எழுதணும் டீச்சர். அது இல்லேன்னா பிரவுசர் படத்தோட பேரை மட்டும் அனுப்பிட்டுச் சும்மா இருந்துரும். தப்புன்னு மூச்சு விடாது. எல்லாருக்கும் ஒரு தடவையாவது இது நடந்திருக்கும்.”

“நடந்திருக்கும்.”

“உங்களுக்கும்?”

“எனக்கும்தான். ஆனா அது பூனைப் படம்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“சோதிச்சுப் பாத்தீங்களா?” என்று கேட்டாள் டீச்சர்.

“பாத்தேன். என் படத்தையே போட்டுப் பாத்தேன். என் முகம் தெளிவா வந்துச்சு. கீழே பச்சை டிக்கும் வந்துச்சு.”

“எங்க வந்துச்சு?”

“திரையில.”

“யார் திரையில?”

அவன் தன் போனை எடுத்துப் பார்த்தான்.

“என் போன்ல,” என்றான். “அனுப்புறதுக்கு முன்னாடியே போனுக்குள்ள இருந்து படத்தை எடுத்துத் திரையில காட்டும். அப்படித்தான் எழுதியிருந்தேன். சனங்களுக்கு ஒரு நம்பிக்கை வரட்டும்னு.”

“வந்துச்சா?”

“எது?”

“நம்பிக்கை.”

*

“அலுவலகத்துல என்ன கொடுத்தீங்க?”

“பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தேன். இருபத்து மூணு வரியையும் எண்ணிப் பாத்தாங்க. பெற்றுக்கொள்ளப்பட்டதுன்னு சீல் போட்டு நகல் கொடுத்தாங்க.”

“படம் கேக்கலியா?”

“சர்வர்ல இருக்குன்னு சொன்னேன். சரின்னாங்க.”

“முப்பத்து நாலு நாள்ல ஒருத்தர்கூட ஒரு படத்தையும் திறந்து பாக்கல.”

அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

“பாக்கல,” என்றான் அருமைநாயகம். கொஞ்சம் கழித்து, “நானும் பாக்கல,” என்றான்.

*

அன்று டீ அவன் முறை. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் அவன் எழுந்துபோய் டீ போட்டான். ஒரு கிளாஸில் ஊற்றிக்கொண்டு டீச்சரிடம் வந்தான்.

அவன் கை நீட்டுவதற்குள், “குடிச்சாச்சு,” என்றாள் டீச்சர்.

கிளாஸ் அவன் கையில் நிறைய இருந்தது.

“நான் இன்னும் தரவே இல்லியே?”

“நல்லா இருந்துச்சு அண்ணாச்சி. சீனி அளவாப் போட்டிருந்தீங்க. ரொம்ப நன்றி.”

“டீச்சர், இது கேலி பண்ற நேரமா?”

“நான் எங்க கேலி பண்ணினேன்? பட்டனை அழுத்தினா உங்க பக்கம் என்ன சொல்லுது, வாசிங்க.”

அவனுக்கு வாசிக்க வேண்டியதில்லை. அவன் எழுதியதுதான். அதற்கு நல்ல தமிழில் ஒரு வாக்கியம் வேண்டும் என்று கால் மணி நேரம் யோசித்து எழுதியது.

“படம் பத்திரமாக வந்து சேர்ந்தது. நன்றி.”

“எப்ப சொல்லுது?”

“அழுத்தின உடனே.”

“சர்வரைக் கேட்டுக்கிட்டா?”

கிளாஸில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

“கேக்காம,” என்றான்.

*

“இப்ப அந்த வார்த்தையைச் சேத்துட்டேன்,” என்றான். “அரை நிமிஷ வேலை. சர்வர் வாங்கிக்கிட்டேன்னு சொன்ன பிறகுதான் பச்சை டிக் வரும். எல்லா வீட்டுக்கும் ஒரு மெசேஜும் எழுதி வச்சிருக்கேன். ‘தொழில்நுட்பக் காரணங்களால் தங்கள் படத்தை மீண்டும் ஒருமுறை…’”

“யாரு அது?”

“யாரு?”

“தொழில்நுட்பக் காரணம். அவரு இன்னிக்கு வகுப்புக்கு வந்திருக்காரா? வந்திருந்தா வெளிய அனுப்புங்க. அந்தம்மா காலையில இருந்து வெயில்ல உக்காந்திருக்கு. அவரே போய்ப் பேசட்டும்.”

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்தினார்கள்.

அருமைநாயகம் போனைக் கீழே வைத்தான்.

“மத்த இருபத்தி ரெண்டு பேரும் திரும்ப அனுப்பிருவாங்க டீச்சர். இந்தம்மாகிட்டப் படம் இல்ல. கல்யாண ஆல்பம் எல்லாம் புயல் தண்ணியில ஊறிக் கூழாப் போச்சாம். போன்ல ஒண்ணே ஒண்ணு இருந்திருக்கு. அனுப்பின மறுநாளே அந்தம்மா அதை அழிச்சிருச்சு.”

“போன் குப்பைத்தொட்டியில கிடக்குமே.”

“முப்பது நாள் கிடக்கும். பாத்துட்டேன். மூணு நாள் முன்னாடி அதுவும் போயிருச்சு.”

டீச்சர் முதல்முறையாக அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க வந்து சொல்லுங்களேன்,” என்றான். “பொம்பளைக்குப் பொம்பளை, பக்குவமாச் சொல்லுவீங்க.”

“வந்து சேந்துச்சுன்னு சொன்னது யாரு?”

அவன் தரையைப் பார்த்தான்.

“அப்ப, சேரலைன்னும் அவரே சொல்லட்டும்,” என்று அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

வாசலுக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். அதற்குள் அவன் மூன்று வாக்கியங்களைத் தயார் செய்தான். மூன்றும் யோக்கியமான வாக்கியங்கள்தான். ஒன்றில்கூட அவன் இல்லை.

பனிமயம் கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்தாள்.

“எடுத்துட்டீங்களா சார்?”

“வரவே இல்லம்மா.”

“எது?”

“படம். அன்னைக்கே இங்க வரல.”

“வந்துச்சே! நான் கண்ணால பாத்தேன். சிரிச்ச முகமா நின்னாரு. கீழ பச்சையா டிக்கு. என் மவ வாசிச்சுச் சொன்னா, பத்திரமா வந்துட்டாம்னு.”

“நீங்க பாத்தது உங்க போன்ல இருந்ததைத்தான். அதைத்தான் உங்களுக்கே காட்டுச்சு. அங்க இருந்து கிளம்பவே இல்ல.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

“அப்ப பத்திரமா வந்துட்டுன்னு சொன்னது யாரு?”

“நான்தாம்மா எழுதி வச்சேன்.”

“பாக்காமலா?”

“பாக்காமத்தான்.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டிவிட்டால் தேவலை என்றும் இருந்தது.

அவள் திட்டவில்லை. மறுபடியும் பெட்டியில் உட்கார்ந்தாள்.

“போனைத் திறந்தா அவருதான் வருவாரு,” என்றாள். “அரிசியைக் களைஞ்சு அடுப்புல வைக்க முடியல. பிள்ளை என்ன கேட்டாலும் காதுல விழல. சரி, அங்ஙன சார்மாருகிட்டப் பத்திரமா இருக்காரு, பூசைக்கு வாங்கிக்கிடலாம்னு நான்தான் அழிச்சேன். என் விரலால அழிச்சேன்.”

ஒரு உப்பு லாரி போயிற்று. அதன் புழுதி அடங்கியதும் அவள் கேட்டாள்.

“அப்ப என்னதான் சார் வந்துச்சு?”

“பேரு.”

“அவரு பேரா?”

“இல்லம்மா. படத்துக்குப் போன் வச்ச பேரு.”

“அதைக் குடுங்க.”

“அதுல ஒண்ணும் இல்லம்மா. வெறும் எண்ணு.”

“இங்க வந்தது அது ஒண்ணுதானே? குடுங்க.”

காலையிலிருந்து அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது அவனுக்கு மனப்பாடம். சட்டைப் பையிலிருந்த தாளில் எழுதினான். மூன்று ஆங்கில எழுத்து, ஒரு கோடு, எட்டு இலக்கம், மறுபடி ஒரு கோடு, ஆறு இலக்கம்.

பனிமயம் தாளை வாங்கி மடியில் வைத்து விரல் ஓட்டினாள். எழுத்துகளை விட்டுவிட்டாள். மீன் ஏலத்தில் நிற்கிறவள். எண்களில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

“இது வருசம்,” என்றாள். “இது மாசம். அடுத்தது தேதியா?”

“ஆமா. படம் எடுத்த தேதி.”

“இருபத்தேழா?”

“ஆமா.”

அவள் விரல் அங்கேயே நின்றது.

“இருபத்தேழு அவரு கடல்லல்லா இருந்தாரு,” என்றாள். “இருபத்தொண்ணாம் தேதிதான் கரையில. பல்லு வலி. கன்னம் இம்புட்டுப் பெருசா வீங்கிக் கிடந்துச்சு. அதான் போகல. எடுக்காத எடுக்காதன்னு வீங்கின பக்கத்தை மறைச்சிக்கிட்டு இப்படித் திரும்பி நின்னாரு. மவதான் சிரிக்க வச்சா. அந்தப் படம்தான் நான் அனுப்புனது.”

அவள் தன் முகத்தை இடப்பக்கம் திருப்பிக் காட்டினாள். பிறகு தாளை அவனிடம் நீட்டினாள்.

“இருபத்தேழுன்னா அது வேற எதோ படம். அப்ப இவரை நான் அனுப்பவே இல்ல. சார், இது சரியா எழுதியிருக்கீங்களா?”

எண்கள் அவன் மனசில் அச்சடித்ததுபோல நின்றன. இருபத்து ஏழு. ‘சரியாத்தான் இருக்கு’ என்று சொல்ல அவன் வாய் திறந்துவிட்டது.

வாயை மூடினான்.

“இருங்கம்மா,” என்றான் அருமைநாயகம். “பாத்துட்டு வந்து சொல்றேன்.”