மூக்குக் கெண்டித் தண்ணீர்

மலையடிவாரத்து மடம் அது. குருவின் பெயர் செங்கமலம், வயது முப்பத்தாறு. சீடர் காத்தமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு. அவர் இவரை அம்மா என்பார். இவர் அவரை அண்ணே என்பார்.

காத்தமுத்து முப்பது வருஷம் அரிசி ஆலையில் தவிட்டுத் தூசிக்குள் நின்றவர். எதற்கும் பொறுமை கிடையாது. ஒரு நாள் ஆத்திரத்தில், கல்யாணமான மகனைக் கைநீட்டி அடித்துவிட்டார். மகன் பேசி ஆறு மாதம் ஆகிறது. "சும்மா உட்காரக் கத்துக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் வாசப்படி ஏறாதீங்க" என்று மனைவி அனுப்பி வைத்திருந்தாள்.

மடத்துக்கு வந்த பதினோராம் நாள் காலையில் அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"பதினொரு மணி பஸ்ஸுக்குப் போறேம்மா."

"ஏன் அண்ணே?"

"மூச்சைப் பாரு, மூச்சைப் பாருன்னு சொல்றீங்க. மூக்கு ரெண்டும் அடைச்சுக் கிடக்கு. வராத மூச்சை எங்கம்மா பாக்குறது?"

செங்கமலம் நீள மூக்குக் கெண்டி ஒன்றை எடுத்து வந்து வைத்தார்.

"மூக்கைக் கழுவிட்டுப் போங்க. தண்ணி காய்ச்சுங்க."

"காய்ச்சணுமா? சுனைத் தண்ணிம்மா, பளிங்கு மாதிரி இருக்கு. சாமிக்கே அதுலதான் அபிஷேகம்."

"சாமி மூக்கு கல்லு அண்ணே. உங்களது சதை."

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கண்ணீர் கரிக்கிற அளவுக்கு உப்புப் போட்டு மூடி வைத்தார்கள்.

"ஊதி ஆத்தட்டுமா?"

"உங்க வாயில இருக்கிறது தண்ணியில இறங்கவா? தானா ஆறட்டும்."

செங்கமலம் வாசல் பெருக்கப் போனார். காத்தமுத்து உட்கார்ந்தார், எழுந்தார், சாலையை எட்டிப் பார்த்தார். பிறகு சுனையில் ஒரு டம்ளர் மொண்டு வந்து பாத்திரத்தில் ஊற்றிவிட்டார்.

திரும்பி வந்த செங்கமலம் பாத்திரத்தைத் தொட்டார். "வெரசா ஆறிடுச்சே."

காத்தமுத்து மலையைப் பார்த்தார்.

மொத்தத் தண்ணீரும் செம்பருத்திச் செடிக்குப் போனது.

"ஐயோ! ஒரு டம்ளர்தாம்மா ஊத்தினேன்!"

"ஒரு டம்ளர் பச்சைத் தண்ணி சேந்தா எல்லாம் பச்சைத் தண்ணிதான். மறுபடி காய்ச்சுங்க."

கீழே பஸ் ஹாரன் அடித்தது.

"ஓடினா பிடிச்சிடலாம் அண்ணே."

வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார் அவர். பிறகு என்னமோ முணுமுணுத்தபடி அடுப்பை மூட்டினார்.

இரண்டாவது முறை மூடியைத் திறந்து திறந்து பார்த்தார். நாலு தடவை கேட்டார், ஆறிடுச்சா என்று. ஐந்தாவது தடவை கேட்கவும் அலுத்துப்போனது. சூடு தணியத் தணிய, வலது கையைப் பாத்திரத்தின் மேல் வைத்தார். எடுக்கவில்லை. வெயில் வாசலில் இருந்து கூரைக்கு ஏறியது.

"புறங்கையில ஒரு சொட்டு விட்டுப் பாருங்க."

"சுடல. குளிரவும் இல்ல."

"குனிங்க. தலையைச் சாயுங்க. வாயால மூச்சு விடுங்க."

ஒரு மூக்கில் போன தண்ணீர் மறு மூக்கில் சொட்டியது, பிறகு ஒழுகியது. அடுத்த பக்கமும் ஆனது. காத்தமுத்து இரண்டு மூக்கையும் இறுக்கிப் பிடித்துப் பலமாகச் சிந்தப் போனார்.

"அது என்ன சங்கா? காதுதான் அடைக்கும். ஒவ்வொரு பக்கமா, மெதுவா."

மெதுவாகச் சிந்தினார். நிமிர்ந்தார். மூச்சு உள்ளே போனது.

"என் பையில தவிட்டு வாசம் அடிக்குதும்மா!"

"முப்பது வருஷமா அடிக்குது அண்ணே."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப மூச்சு வருது. எப்படிப் பாக்குறதுன்னு சொல்லுங்க."

"தண்ணி ஆறினப்ப என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. கையை வெச்சுக்கிட்டு இருந்தேன்."

செங்கமலம் கெண்டியைக் கழுவிக் கவிழ்த்தார்.

"நாலு மணிக்கு ஒரு பஸ் இருக்கு. சும்மா இருந்த அந்தக் கையோட வீட்டுக்குப் போங்க அண்ணே."